வேர் தந்த மருந்து

அடர்ந்த காட்டினுள் புகுவோரின் கண்கள் வானளாவி நிற்கும் மரங்களையே முதலில் நாடும். அவற்றின் பருமையும் உயரமும் காண்போர் உள்ளத்தைக் கவர்வது இயல்பே. அம்மரங்களின் அடியில், நிழலும் ஈரமும் நிலவும் இடத்தில், முழங்கால் அளவே வளர்ந்து நிற்கும் சிறு செடிகளை நோக்குவோர் மிகச் சிலர். நோக்கினும், களை என்று எண்ணிக் கடந்து செல்வோரே பலர். ஆயினும், மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்னும் பழமொழிக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் செடி ஒன்று அந்நிழலில் வாழ்கிறது. இரத்த அழுத்தத்தால் வருந்தியோர்க்கும் மனநோயால் துன்புற்றோர்க்கும் அது ஒரு காலத்தில் உலகெங்கும் ஆறுதல் அளித்தது. மனித மூளை இயங்கும் முறையின் ஒரு கூறினை அறிஞர்களுக்குக் காட்டிக் கொடுத்தது. அச்செடியே சர்ப்பகந்தி.

சர்ப்பகந்தி நம் வீட்டுத் தோட்டங்களில் காணப்படும் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. இமயமலையின் அடிவாரக் காடுகளிலும், வங்காளம், அசாம் ஆகிய பகுதிகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமிக்க சரிவுகளிலும் இஃது இயற்கையாக வளர்கிறது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு அடி உயரமே வளரும். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று அல்லது நான்கு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். இலையின் மேற்புறம் பளபளக்கும் பச்சை நிறம். அடிப்புறம் வெளிறிய பச்சை நிறம். கிளை நுனியில் கொத்தாகப் பூக்கும் மலர்கள் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்தவை; அவற்றின் காம்புகளோ நல்ல சிவப்பு. பட்டாணியளவினும் சிறிய கனிகள் முதிர்ந்தபின் கருமை அடையும். காண்பதற்கு அழகிய செடிதான். எனினும், இதன் பெருமை மலரிலும் இல்லை, கனியிலும் இல்லை. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் வேரில்தான் இருக்கிறது. அவ்வேர் வளைந்து நெளிந்து பழுப்பு நிறத்தோடு விளங்கும். நாவில் வைத்தால் தாங்கொணாக் கைப்புடையது.

சர்ப்பம் என்பது பாம்பு. கந்தம் என்பது மணம். பாம்போடு இணைத்து இச்செடிக்குப் பெயரிட்டதற்குக் காரணம் பலவாறு கூறுவர். பாம்பு இதன் மணத்தை அஞ்சி விலகும் என்பர் சிலர். நெளிந்த வேர் பாம்பு போல் தோன்றுதலால் வந்த பெயர் என்பர் வேறு சிலர். கீரி நாகத்தோடு போர் புரியப் புறப்படும் முன் இச்செடியின் இலையை மென்றுவிட்டுச் செல்லும் என்று ஒரு கதையும் நாட்டில் வழங்கி வந்துள்ளது. சர்ப்பகந்தா என்னும் பெயர் பழைய வடமொழி மருத்துவ நூல்களிலும் காணப்படுகிறது. அப்பெயர் பழங்காலத்தில் எல்லா இடத்தும் இந்தச் செடியையே குறித்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், ஏட்டில் எழுதப்பட்டதைக் காட்டிலும் மக்கள் வாழ்வில் இச்செடி ஆழமாக வேரூன்றி இருந்தது என்பதில் ஐயமில்லை.

பீகார் நாட்டு மக்கள் இதன் வேரைப் ‘பாகல் கீ தவா’ என்று வழங்கினர். பித்துப் பிடித்தவர்க்கு மருந்து என்பது அத்தொடரின் பொருள். உறக்கமின்றி இரவெல்லாம் அரற்றுவோர்க்கும், வெறி கொண்டு பிறரைத் தாக்க முனைவோர்க்கும் இவ்வேரின் பொடியை நாட்டு மருத்துவர் கொடுப்பது வழக்கம். அதனை உண்டவர் சிறிது சிறிதாக அமைதி அடைந்து உறங்குவர். இவ்வுண்மையை முதன்முதலில் கண்டவர் யார்? எந்தக் காட்டில், எந்த நோயாளியின் அருகில் அமர்ந்து அதனைக் கண்டார்? அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. தந்தை மைந்தனுக்கும், ஆசான் மாணாக்கனுக்கும் வாய்மொழியாகவே உரைத்துப் பல தலைமுறைகள் அவ்வறிவைக் காத்து வந்தனர்.

மக்கள் வழக்கில் உள்ளவை எல்லாம் உண்மை என்று கொள்ளுதலும் தவறு. எல்லாம் பொய் என்று தள்ளுதலும் தவறு. சர்ப்பகந்தியே இதற்குத் தக்க சான்று. பாம்புக் கடிக்கு இவ்வேர் மருந்தாகும் என்று பலர் நெடுங்காலம் நம்பினர். இன்றைய அறிவியல் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. நஞ்சுள்ள பாம்பு தீண்டினால், காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் சென்று எதிர்நஞ்சு மருந்தினை ஏற்றிக்கொள்வதே உயிர் காக்கும் வழி. வேரை அரைத்துப் பூசிக் காத்திருந்தால் உயிர் பிரியும். ஆனால், மனத்தை அமைதிப்படுத்தும் என்ற மற்றொரு நம்பிக்கையோ முழு உண்மையாயிற்று. இரண்டும் ஒரே வேரைப் பற்றி ஒரே மக்கள் கூறியவையே. ஒன்று ஆராய்ச்சியில் வீழ்ந்தது, மற்றொன்று நின்றது. உரைத்துப் பாராமல் பொன்னையும் பித்தளையையும் எங்ஙனம் பிரித்தறிவது?

மேனாட்டார் இந்திய மூலிகைகளை நோக்கத் தொடங்கிய காலமும் பழையதே. போர்ச்சுகல் நாட்டு மருத்துவராகிய கார்சியா த ஓர்த்தா என்பவர் கோவாவில் வாழ்ந்து, இந்நாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றி 1563-ஆம் ஆண்டில் அங்கேயே ஒரு நூலை அச்சிட்டு வெளியிட்டார். பாம்புக் கடிக்கு மருந்தென மக்கள் கொண்ட வேர்களையும் கட்டைகளையும் அவர் அந்நூலில் குறித்தார். பின்னர், பிரெஞ்சுத் தாவர அறிஞர் பிளூமியே என்பவர் இவ்வினத்துக்கு ‘ராவுல்ஃபியா’ என்னும் பெயரை 1703-இல் சூட்டினார். செருமானிய நாட்டு அவுக்ஸ்புர்கு நகரில் வாழ்ந்த லெயோன்கார்டு ராவுல்ஃபு என்னும் மருத்துவரைச் சிறப்பிக்கவே அப்பெயர் இடப்பட்டது. அவர் 1573 முதல் அலெப்போ, பாக்தாது முதலிய நகரங்களில் சுற்றி மூலிகைகளைத் திரட்டிய பெரும்பயணி. ஆயினும் அவர் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். இச்செடியைக் காட்டில் கண்டு, பயன் அறிந்து காத்த மக்களின் பெயர் மறைந்தது. இது வளரும் நாட்டையே காணாதவர் பெயர் நூல்களில் நின்றது. காலத்தின் கோலம் சில வேளைகளில் இவ்வாறு அமைந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லி நகரில் ஹக்கீம் அஜ்மல்கான் என்னும் பெரியார் வாழ்ந்தார். அவர் யுனானி மருத்துவத்தில் நிகரற்றவர். நாட்டு விடுதலைப் போரில் தலைவர்களுள் ஒருவர். பழைய மருத்துவம் புதிய ஆராய்ச்சியின் ஒளியில் மீண்டும் தளிர்க்க வேண்டும் என்பது அவர் கொண்ட விருப்பம். அவர் பெருமுயற்சியால் எழுந்த ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரியைக் காந்தியடிகள் 1921-இல் திறந்து வைத்தார். சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்னும் இளைஞர் செருமனியில் வேதியியல் கற்றுத் தேர்ந்தார். நம் நாட்டு மூலிகைகளை ஆராயுமாறு அவரை ஊக்கியவர் அஜ்மல்கானே. ஆனால் அவ்வாராய்ச்சியின் பயனைக் காண அப்பெரியாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1927-இல் அவர் இயற்கை எய்தினார்.

சித்திக்கி சோர்வடையவில்லை. சர்ப்பகந்தியின் வேரிலிருந்து சில பொருள்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அவை அல்கலாய்டுகள் எனப்படும். செடிகளில் உண்டாகும், நைட்ரஜன் அடங்கிய, பெரும்பாலும் கைப்புச் சுவையுடைய பொருள்களையே அல்கலாய்டு என்பர். சிறிதளவே உட்கொண்டாலும் அவை உடலில் பெரிய மாறுதலை உண்டாக்க வல்லவை. தாம் கண்ட பொருள்களுள் ஒன்றுக்கு ‘அஜ்மலின்’ என்று சித்திக்கி பெயரிட்டார். மறைந்த பெரியாருக்கு அவர் எழுப்பிய நினைவுச் சின்னம் அதுவே. கல்லால் எழுப்பிய மண்டபங்கள் காலத்தால் சிதையலாம். அஜ்மலின் என்னும் பெயரோ, இதயத் துடிப்பின் ஒழுங்கினை ஆராயும் மருத்துவர்களின் நாவில் இன்றும் வழங்குகிறது.

அதே 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மற்றொரு பெருஞ்செயல் நிகழ்ந்தது. வங்க நாட்டில் ஆயுர்வேத மருத்துவரைக் கவிராஜர் என்று அழைப்பது வழக்கம். கவிராஜர் கணநாத சேனர் ஆயுர்வேதத்தோடு மேனாட்டு மருத்துவமும் பயின்றவர். அவரும் கார்த்திக் சந்திர போஸ் என்னும் மருத்துவரும் இவ்வேரின் பொடியை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். மனநோயைத் தணிப்பதோடு, ஏறிய இரத்த அழுத்தத்தையும் இது தாழ்த்துகிறது என்று கண்டு எழுதினர். இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படும் இராமநாத சோப்ராவும் அவர்தம் உடன் உழைப்பாளரும் கல்கத்தாவில் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தினர். ஆனால் நம் நாட்டு இதழ்களில் வெளிவந்த இச்செய்திகளை அந்நாளில் மேலை உலகம் பொருட்படுத்தவில்லை.

இரத்த அழுத்தம் என்பது யாது? இதயம் சுருங்கும் போதெல்லாம் இரத்தம் குழாய்களின் சுவரை அழுத்திக்கொண்டு பாய்கிறது. அவ்வழுத்தம் ஓர் அளவுக்குள் இருத்தல் வேண்டும். அளவு மீறி நெடுநாள் நீடித்தால் இதயம் தளரும், சிறுநீரகம் கெடும், மூளையில் இரத்தக் குழாய் வெடித்து உயிருக்கே இறுதி நேரினும் நேரும். பெரும்பாலோர்க்கு இந்நோய் தொடக்கத்தில் எவ்வகைத் துன்பமும் தருவதில்லை. அதனால்தான் இது பெரிதும் அஞ்சத்தக்கதாயிற்று. 1940-ஆம் ஆண்டுகளில் இதனைத் தணிக்கத் தக்க நல்ல மருந்து மருத்துவர் கையில் இல்லை எனலாம்.

இந்நிலையில், பம்பாய் மருத்துவராகிய ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தியைத் துணிந்து ஆராய்ந்தார். இரத்த அழுத்த நோயாளர் 50 பேருக்கு இம்மருந்தைக் கொடுத்து, கண்ட பயனை முறையாகக் குறித்து, 1949-இல் இங்கிலாந்து நாட்டு இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். இம்முறை உலகம் செவி சாய்த்தது. போஸ்டன் நகரில் வில்கின்ஸ் என்னும் மருத்துவர் இம்மருந்தை வரவழைத்துக் கையாண்டு, அதன் பயனை உறுதிப்படுத்தினார். வக்கீலின் தொண்டைப் பாராட்டி அமெரிக்க நாட்டின் சிறந்த மருத்துவப் பரிசாகிய லாஸ்கர் பரிசு 1957-இல் அவருக்கு வழங்கப்பெற்றது. முன்னும் பலர் கூறிய செய்தியைத்தான் அவரும் கூறினார். ஆனால் எண்ணிக் கூறினார், அளந்து கூறினார், பிறர் செய்து பார்க்கும் வண்ணம் விளக்கிக் கூறினார். அதுவே அவர் சொல்லுக்கு வலிமை தந்தது.

எந்தப் பொருள் இவ்வாற்றலுக்குக் காரணம் என்பது அடுத்து எழுந்த வினா. சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில் மியூல்லர், ஷ்லிட்லர், பைன் என்னும் மூவர் அதற்கு 1952-இல் விடை கண்டனர். வேரிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த அல்கலாய்டுக்கு ‘ரிசர்ப்பின்’ என்று பெயர். உலர்ந்த வேரில் அஃது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே இருக்கும். நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு வேண்டிய அளவோ கால் மில்லிகிராம் அல்லது அதனினும் குறைவு. ஓர் அரிசியின் எடையை எண்பது கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறு ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். இத்துணைச் சிறிய அளவு உடல் முழுவதையும் ஆள்கிறது என்பது வியப்பன்றோ! வேர்ப் பொடியில் மருந்தின் அளவு செடிக்குச் செடி வேறுபடும். தூய ரிசர்ப்பின் கிடைத்த பின்னரே அளந்து கொடுத்தல் எளிதாயிற்று. வேதியியல் மேதையாகிய வுட்வர்டு இப்பொருளைச் செடியின் துணையின்றி ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கி 1956-இல் அறிவித்தார்.

இரத்த அழுத்தத்தைக் காட்டிலும் மனநோய்த் துறையில்தான் இம்மருந்து பெரும் புரட்சியை விளைத்தது. அந்நாளில் மனநோய் மருத்துவமனைகளின் நிலை இரங்கத்தக்கது. அடைக்கப்பட்ட அறைகளும், கைகால்களைப் பிணைக்கும் கட்டுகளும், இரவு பகல் ஓயாத கூக்குரலும் அங்கு நிறைந்திருந்தன. உள்ளே சென்றவர் பலர் மீண்டும் இல்லம் திரும்பியதில்லை. நியூயார்க்கு மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய நேதன் கிளைன் என்னும் மருத்துவர், சர்ப்பகந்தி மருந்தைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்து, அதன் பயனை 1954-இல் வெளியிட்டார். கொந்தளித்த பலர் அமைதியுற்றனர், பேசாதவர் பேசினர், உறவினரைக் கண்டு உரையாடினர். அதே காலத்தில் குளோர்ப்புரோமசின் என்னும் வேறொரு மருந்தும் வந்தது. மனநோய் என்பது சாபமும் அன்று, பேயின் செயலும் அன்று. மருந்தால் தணியக்கூடிய நோய் அது என்னும் தெளிவை இவ்விரண்டும் மக்களுக்கு ஊட்டின. ‘பாகல் கீ தவா’ என்று பீகார்ச் சிற்றூரார் இட்ட பெயர், கடல் கடந்த நாட்டில் இவ்வாறு மெய்யாயிற்று.

ரிசர்ப்பின் உடலில் எவ்வாறு செயற்படுகிறது? நம் நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்குச் சில வேதிப்பொருள்களைத் தூதாகப் பயன்படுத்துகின்றன. அத்தூதுப் பொருள்கள் நரம்பு முனைகளில் நுண்ணிய பைகளுள் சேர்த்து வைக்கப்படுகின்றன. ரிசர்ப்பின் அப்பைகளில் அவை சேராதவாறு தடுக்கிறது. சேமிப்புக் குறையவே, இரத்தக் குழாய்களை இறுக்குமாறு நரம்பு இடும் கட்டளையும் தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் தாழ்கிறது. மூளையிலும் இவ்வாறே கிளர்ச்சி தணிகிறது. இவ்வுண்மையை ஆராய்ந்த சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விது கார்ல்சன், 1957-இல் சில விலங்குகளுக்கு ரிசர்ப்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் ‘எல் டோப்பா’ என்னும் பொருளைச் செலுத்தவே, சிறிது நேரத்தில் அவை எழுந்து நடமாடின. டோப்பமின் என்னும் தூதுப் பொருளின் சிறப்பு இவ்வாறு வெளியாயிற்று. கைகால் நடுங்கி, உடல் விறைத்து வருந்தும் பார்க்கின்சன் நோயாளர்க்கு மருந்து காணும் வழியும் இதனால் திறந்தது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பெற்றது. அப்பரிசுக்கு இட்டுச் சென்ற ஆராய்ச்சியில் நம் நாட்டுச் சிறு செடிக்கும் ஒரு பங்கு உண்டு என்று கூறுதல் மிகையாகாது.

இனி, இம்மருந்தின் குறையையும் மறைக்காது கூறுதல் வேண்டும். கிளர்ச்சியைத் தணிக்கும் ஆற்றலே அளவு மீறினால் ஊக்கத்தையும் தணித்துவிடும். ரிசர்ப்பினை மிகுந்த அளவில் உண்டோர் சிலர் காரணமற்ற துயரில் ஆழ்ந்தனர். உயிரையே வெறுத்தோரும் உளர். மூக்கடைப்பு, சோர்வு, வயிற்றுப் புண் முதலிய துன்பங்களும் சிலர்க்கு நேர்ந்தன. பிற்காலத்தில் இதனினும் தீங்கு குறைந்த புதிய மருந்துகள் வந்தமையால், இன்று மருத்துவர் இதனை அரிதாகவே கையாளுகின்றனர். மூலிகை தானே, என்ன தீங்கு செய்யும் என்று எண்ணி எவரும் இவ்வேரைத் தாமே பொடித்து உண்ணுதல் கூடாது. நோயை மாற்றும் வலிமை உள்ள பொருளுக்கு நோயை உண்டாக்கும் வலிமையும் உண்டு. அவ்விரண்டிற்கும் இடையே நிற்பது மருத்துவர் அறிந்த அளவு ஒன்றே.

புகழ் சர்ப்பகந்திக்கு நன்மை செய்ததா? இல்லை என்றே வருத்தத்தோடு கூற நேர்கிறது. இலையில் மருந்து இருந்தால், பறித்த பின்னும் செடி தளிர்க்கும். கனியில் இருந்தால், கொய்த பின்னும் அடுத்த ஆண்டு காய்க்கும். சர்ப்பகந்திக்கோ மருந்து வேரில் அமைந்துவிட்டது. அதிலும் வேரின் பட்டையில்தான் பெரும்பகுதி உள்ளது. வேரைப் பெற வேண்டுமாயின் செடியையே கல்லி எடுத்தல் வேண்டும். ஒருமுறை எடுத்தால் அங்கே மீண்டும் செடி இல்லை. 1950-ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் தேவை பெருகவே, காடுகளில் இதனை அகழ்ந்து விற்போர் பெருகினர். பூத்து, விதைத்து, வழித்தோன்றலை விட்டுச் செல்லும் வரையில் காத்திருக்க எவரும் எண்ணவில்லை. இளஞ்செடிகளும் மண்ணிலிருந்து பறிக்கப்பட்டன. இவ்வினத்து வேறு செடிகளின் வேர்களும் இதனோடு கலந்து விற்கப்பட்டன. எங்கும் மலிந்திருந்த செடி அரிதாகிப் போயிற்று. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 1990-ஆம் ஆண்டு இதனைச் சேர்க்க நேர்ந்தது.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. காட்டில் அகழ்வதை விடுத்து, நிலத்தில் பயிர் செய்வதே அவ்வழி. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். சர்ப்பகந்தியின் விதைகளுள் பல உள்ளீடு அற்றவை. அவற்றை நீரில் இட்டால் பதர் மிதக்கும். நல்ல விதை அமிழும். அமிழ்ந்தவற்றையே எடுத்து நாற்றங்காலில் விதைப்பர். அவற்றிலும் முளைக்காதவை உண்டு. ஆதலின் வேர்த்துண்டுகளையும் தண்டுகளையும் நட்டு வளர்ப்பதும் உண்டு. நட்ட செடி வேர் பருத்துப் பயன் தர ஒன்றரை ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை செல்லும். பனிக்காலத்தில் இலைகள் உதிர்ந்து நிற்கும் போது வேரை அகழ்ந்து, கழுவி, உலர்த்திப் பாதுகாப்பர். காட்டிற்குள் சென்று ஒரே நாளில் பிடுங்கி வருவதை நோக்க இது வருத்தம் மிகுந்த வேலையே. எனினும், பறித்தவன் கையில் ஒரு நாள் வருவாய்தான் நிற்கும். பயிரிட்டவன் கையில் விதை நிற்கும்.

சர்ப்பகந்தியின் வரலாற்றில் பலருடைய பெயர்கள் ஒளி வீசுகின்றன. இது வளரும் நாட்டையே காணாத பயணி ஒருவரின் பெயர் செடியின் பெயராயிற்று. நாட்டு மருத்துவம் தளிர்க்க விரும்பிய பெரியார் ஒருவரின் பெயர் வேரில் உள்ள பொருளின் பெயராயிற்று. ஆராய்ந்தோர் பரிசு பெற்றனர், அது தகும். ஆனால் இவர்கள் அனைவர்க்கும் முன்னே நின்று, இவ்வேரை முதன்முதல் சுவைத்து, அதன் கைப்பைப் பொறுத்து, பயனைக் கண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிச் சென்ற எளியோர் எத்துணையோ பேர். அவர்களுக்குச் சிலை இல்லை, பரிசு இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் விட்டுச் சென்றவை இரண்டே: ஒன்று அறிவு, மற்றொன்று அச்செடி. அறிவினை அறிஞர் ஏட்டில் எழுதிக் காத்தனர். செடியைக் காப்பவர் யார்?

ஒரு மொழியின் சொல் வழக்கொழிந்தால், ஏட்டைப் புரட்டி மீண்டும் அதனை வழங்கலாம். ஒரு செடி உலகினின்று மறைந்தால், எந்த ஏடும் அதனை மீட்டுத் தராது. அதன் வேரில் இன்னும் ஆராயப்படாத நன்மைகள் எத்தனை இருப்பினும், அவையும் அதனோடு மறையும். ஐம்பதுக்கு மேற்பட்ட அல்கலாய்டுகள் சர்ப்பகந்தியில் உள்ளன என்பர். அவற்றுள் நன்கு பயன்பட்டவை ஒரு சிலவே. மற்றவை எந்த நோய்க்கு மருந்தாகுமோ, எந்த மாணவரின் ஆராய்ச்சிக்காகக் காத்திருக்கின்றனவோ! அம்மாணவர் வளர்ந்து வந்து தேடும் போது, காட்டின் நிழலில் அச்சிறு செடி நின்றுகொண்டிருத்தல் வேண்டும்.

ஆகவே, வேரை வேண்டுவோர் முதலில் விதையை விதைத்தல் வேண்டும். பெயர் தெரியாத முன்னோர்க்கு நாம் பட்ட கடனைத் தீர்க்க வேறு வழி இல்லை. நாட்டு வழக்கில் உள்ள அறிவை இகழாது கேட்டல், கேட்டதை அப்படியே நம்பாது ஆராய்தல், ஆராய்ந்து பயன்கொண்ட பொருளை அழியாது காத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். முதல் இரண்டையும் நம்மவர் செவ்வனே செய்து காட்டியுள்ளனர். மூன்றாவது கடமை வளரும் தலைமுறையின் கைகளில் உள்ளது.